பாட்டர்சன் டேங்க்: குறை ரீலில்தான்

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவ பாட்டர்சன் சூப்பர் சிஸ்டம் 4 டேங்க் தாராளமாகப் போதும். பிலிமைச் சுற்றும் ரீலில் ஏற்றி, டேங்கில் வைத்து, புனல் மூடியைத் திருகும்வரைதான் முழு இருட்டு வேண்டும். மீதி வேலை விளக்கு வெளிச்சத்திலேயே நடக்கும். 35 மி.மீ. சுருள் ஒன்றுக்கு 290 மி.லி., அகலமான 120 வகைச் சுருளுக்கு 500 மி.லி. கரைசல்.

தொல்லை தருவது பிளாஸ்டிக் ரீல். துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் சிக்கும். பலம் காட்டித் தள்ளினால் மடிந்து, நெகட்டிவில் பிறை வடிவத் தழும்பு விழும். பிலிமை, ரீல் கோக்கும் நடுத்தண்டோடு டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு, ரீலை நன்றாக உலர்த்தி இருட்டில் மறுபடி ஏற்றுங்கள். பிலிம் முனையின் மூலைகளை லேசாக வட்டமாக வெட்டிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

நடுத்தண்டைப் போட மறந்தால் கதை முடிந்தது: மூடியின் புனல் துவாரம் வழியே வெளிச்சம் இறங்கி பிலிம் கறுத்துவிடும். டிஜிட்டலில் தப்பு உடனே திரையில் தெரியும். இங்கே ஃபிக்சர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) முடியும்வரை தெரியாது. அந்தக் காத்திருப்புக்காகவே இதை விரும்புகிறவர்கள் உண்டு!

கரைசலைக் கலக்க டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தியதும் மேசையில் தட்டுங்கள். இல்லாவிட்டால் பிலிமில் காற்றுக் குமிழ் ஒட்டிய இடம் பிரிண்டில் கரும்புள்ளியாக வரும். கவிழ்க்கும்போது புனலுக்கு மேல் போடும் மேல்மூடி கொஞ்சம் கசியும். நடுவில் அழுத்திக் காற்றை வெளியேற்றியபடி ஓரத்தை மூடினால் குறையும்.