பண்டாரவளை ஞாயிறு சந்தையில் காட்டுக் கீரை: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஆவணி மாதத்தில், பண்டாரவளை இருக்கும் இலங்கை மலையகத்தின் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். மலை தாண்டி இறங்கும் கச்சான் காற்றில் தேயிலைக்கு வாசம் ஏறும்; கீரைக்கோ நார் ஏறும். அதனால் இந்தப் பருவத்தில் ஓடைக்கரையிலும், ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரையிலும் பறித்த கீரைதான் காசுக்கு ஏற்றது.

முதல் இடம் பெரணிக்குத்தான், சிங்களவர் மீவன என்பார்களே, அதற்கு. சுருள் விரியாத நுனியாக இருக்க வேண்டும். விரலால் வளைத்தால் 'டப்'பென்று ஒடிந்தால் இளசு, வளைந்து கொடுத்தால் முற்றல். ஓடையோரம் தூராக வளரும் பெரணி இது. காய்ந்த பத்தனையில், அதாவது மலைப் புல்வெளியில், தனித்தனித் தண்டாக முளைத்து, மூன்று கிளையாகப் பிரியும் பெரணி வேறு. அதில் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு இருக்கிறது, அவித்தாலும் முழுதாகப் போகாது. கட்டுக்குள் ரோமம் மூடிய சுருள் தெரிந்தால் அந்தக் கட்டே வேண்டாம்.

நல்ல பெரணியை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்துவிடுங்கள். பிறகு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மாசிக் கருவாட்டுத்தூள், தேங்காய்ப்பூ போட்டு ஐந்து நிமிடம் சுண்டினால் போதும். நாலு பேருக்கு இரண்டு கட்டு வேண்டும். வதங்கினால் பாதிதான் மிஞ்சும்.

காட்டு வல்லாரையின் வாசம் தோட்டத்தில் வளர்த்ததைவிடத் தூக்கல். ஆனால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ஓடும் கழிவுநீர்க் கானில் பறித்ததா என்று விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும். கானில் பறித்ததைப் பச்சையாகச் சம்பல் போடுவது வயிற்றோட்டத்தை விலைக்கு வாங்குவது போல. சுத்தமான இடத்து இலையானாலும் ஓடும் தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். உப்பும் தேசிக்காயும் பரிமாறும்போதுதான் சேர வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுக் கறுத்துவிடும்.

கலவைக் கீரைக் கட்டுகள் ஏமாற்றம். நடுவில் இருப்பது என்ன இலையென்று அவிழ்த்தால்தான் தெரியும். அவிழ்க்க எல்லோரும் விடுவதில்லை. விடாதவரிடம் வாங்காதீர்கள்.

பெரிய ஆபத்து களைக்கொல்லி. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை இலங்கையில் 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் விலக்குக் கொடுத்தார்கள், 2022இல் தடையையே எடுத்துவிட்டார்கள். அடித்த முதல் சில நாட்கள் இலை பச்சையாகவே நிற்கும், மஞ்சள் பிறகுதான் விழும். மருந்து இலைக்குள் இறங்கிவிடுவதால் கழுவியும் பயனில்லை. "அக்கா, இது எந்த மலை? மருந்து அடிச்சாங்களா?" என்று கேளுங்கள். விற்பவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவரானால், அவர்களுக்கு எந்த மலையில் எப்போது மருந்து அடித்தது என்பது தெரியும், பெரும்பாலும் உள்ளதைச் சொல்வார்கள். தேயிலை வரிசைக்குள் பறித்தது என்றால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

காலையிலேயே போங்கள். வெயில் ஏறியதும் வாடலை மறைக்கத் தண்ணீர் தெளிப்பார்கள், கட்டின் உள்பக்கம் அவிந்து வழுவழுக்கும். பொலித்தீன் பையை இறுகக் கட்டாமல் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். வல்லாரை மறுநாளும் தாங்கும், பெரணியை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.