ஆர்ட் பேப்பரில் 12 பக்கம்: எங்கள் தொகுதி வேட்பாளரின் வாக்குறுதிக் கையேடு

அச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன். திருவல்லிக்கேணியில் சின்ன ஆஃப்செட் அச்சகம் வைத்துப் பிழைக்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், மல்டிகலர், ஏ5 அளவு, நடுவில் இரண்டு பின். அட்டைக்கென்று கனமான தாள் போடாமல் உள்தாளிலேயே முடித்திருக்கிறார்கள், செலவு மிச்சம். ஏழாம் பக்கத்தில் மட்டும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் ரெஜிஸ்டர் விலகியிருக்கிறது. வேட்பாளரின் சட்டைக்கு இரண்டு காலர். அட்டையில் தலைவர்களின் படங்கள் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்ள, மிச்சமிருக்கிற மூலையில் அவர் நம்மைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

வீடு மடிப்பாக்கம், சட்டமன்றத் தொகுதி சோழிங்கநல்லூர். ஆளின் பெயரையும் கட்சியையும் சொல்லப்போவதில்லை. அவருக்கு ஓட்டு கேட்பதும் போடாதே என்பதும் என் வேலை இல்லை. வீட்டு கேட்டில் செருகிவிட்டுப் போன சரக்கு எப்படி இருக்கிறது என்பதோடு சரி.

கடைசிப் பக்கத்தின் அடியை முதலில் புரட்டிப் பார்த்தேன். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், முகவரி, எத்தனை பிரதி, எல்லாம் ஒழுங்காக இருந்தது. சிவகாசி அச்சு. பலருக்கு இது தெரியாது: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ-யின்படி தேர்தல் நோட்டீஸிலும் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம். வெளியிடுகிறவர், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்த பிறகுதான் நாங்கள் மெஷினை ஓட்டலாம். அந்தத் தாளின் நகலும் அச்சடித்த பிரதியும் தேர்தல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. "அண்ணே, கீழே பேரு மட்டும் வேணாம், அப்படியே போட்டுக் குடுங்க" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. அடியில் பெயர் இல்லாத நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்தால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அதை யாரும் சொந்தம் கொண்டாடத் தயாராக இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் நம் வேட்பாளருக்கு முழு மதிப்பெண்.

இனி உள்ளே. முதல் மூன்று பக்கம் வாழ்க்கை வரலாறு, தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு வருகிற வாக்குறுதிகளைப் படித்துக்கொண்டே போனால், பாதிக்கு மேல் கவுன்சிலர் பார்க்க வேண்டிய வேலை. தெருவிளக்கு, மழைநீர் வடிகால் தூர் வாருவது, குப்பை, பூங்கா, நாய்த் தொல்லை, தெருவுக்குத் தார். இவை எல்லாம் மாநகராட்சி. எங்கள் மடிப்பாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2022 பிப்ரவரியில் 200 வார்டுக்கும் தேர்தல் நடந்து கவுன்சிலரும் வந்தார். சட்டமன்ற உறுப்பினர் ஒரு போன் போட்டால் வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் போன் போடுகிறேன் என்பதை வாக்குறுதி என்று அச்சடிக்க ஆர்ட் பேப்பர் எதற்கு?

வார்டுக்கு ஒரு உடற்பயிற்சிக்கூடம், நூலகம், குளிரூட்டிய பேருந்து நிழற்குடை என்று ஒரு பக்கம் முழுக்க வண்ணப்படம். கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். சோழிங்கநல்லூர் 2021 தேர்தலில் மாநிலத்திலேயே அதிக வாக்காளர் உள்ள தொகுதி, கிட்டத்தட்ட 7 லட்சம் பேர். வகுத்தால் ஆளுக்கு வருடத்துக்கு 43 ரூபாய். துறைமுகம் தொகுதியில் 2 லட்சம் வாக்காளர்கூடக் கிடையாது, அங்கேயும் அதே 3 கோடி. "இந்தப் பெரிய தொகுதிக்கு அதே நிதி போதாது, கூட்டித் தரச் சொல்லிச் சபையில் கேட்பேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். அது இல்லை. நிழற்குடைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்றும் இல்லை. தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுத்தால் அதற்கான காரணமும், பணத்துக்கு என்ன வழி என்பதும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதி சொல்கிறது. இலவச டிவி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு சேர்த்த விதி அது. கட்சிக்கும் வேட்பாளருக்கும் பொதுவான விதி. இந்தக் கையேடு அந்தப் பக்கமே போகவில்லை.

எனக்கு இந்தக் கையேட்டில் எரிச்சல் வந்த இடம் சதுப்பு நிலம். ஐந்தாம் பக்கத்தில் பச்சைக் கட்டத்துக்குள், "பள்ளிக்கரணை சதுப்பு நிலம் கண்ணின் இமைபோல் காக்கப்படும்." ஒன்பதாம் பக்கத்தில் மஞ்சள் கட்டத்துக்குள், "கட்டட அனுமதிக்கான தடை உடனடியாக நீக்கப்படும்." உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது இந்தச் சதுப்பு, 1,247 ஹெக்டேர். 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை ஆய்வு முடியும்வரை கட்டட அனுமதி தரக் கூடாது என்றது. அன்று முதல் எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. பேங்க் லோன் போட்டு மனை வாங்கி, பிளான் அப்ரூவல் கிடைக்காமல் வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம். மழை வந்தால் தண்ணீர் போக இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். பல வீட்டில் இரண்டும் ஒரே ஆள்தான்.

இதில் நிலைப்பாடு எடுப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். கஷ்டம் என்பதால்தான் வேட்பாளர் என்ன நினைக்கிறார் என்று தெரிய வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே உள்ள குடியிருப்பில் சின்ன வீடு கட்டுகிறவனுக்கு விலக்கு, பெரிய அடுக்குமாடிக்குத் தடை என்கிறாரா? எல்லையை அளந்து கல் நடும்வரை யாருக்கும் இல்லை என்கிறாரா? ஐந்தாம் பக்கத்தைப் படித்தவர் ஒன்பதாம் பக்கம் வரை வர மாட்டார் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். அரசியல் கிடக்கட்டும், புரூஃப் பார்த்தவரே பென்சிலில் கோடு போட்டிருக்க வேண்டிய இடம் இது.

சட்டமன்றம் என்ற சொல் அட்டைக்குப் பிறகு உள்ளே எங்குமே வரவில்லை. நாம் இவரை அனுப்புவதோ அங்கேதான். 2023 ஏப்ரல் 21ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத் தொடரின் கடைசி நாள். அன்று நிறைவேறிய மசோதாக்களில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இன்னொன்று, நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக, உள்ளே ஏரி, ஓடை இருந்தாலும் நிலத்தைச் சேர்த்துக்கொள்ள வழி செய்கிற சட்டம். அதற்கு அவ்வளவு சத்தம் எழவில்லை, சட்டமாகிவிட்டது. ஏரியும் சதுப்பும் நிறைந்த தொகுதியில் நிற்கிறவர் இந்தச் சட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது நாய்த் தொல்லையைவிட முக்கியம் இல்லையா? ஓஎம்ஆர் என்கிற ஐடி சாலைப் பக்கம் வேலை பார்க்கிற பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிற ஊரில் வேலை நேரம் பற்றி ஒரு வரிகூட வேண்டாமா?

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு அவர் வந்தபோது இதைக் கேட்டேன். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"தம்பி, அந்த நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திருத்தணும்னு வந்தா நீங்க எந்தப் பக்கம்?"

"ஐயா, அதெல்லாம் தலைமை எடுக்கிற முடிவுங்க. நமக்கு மக்கள் நலன்தான் முக்கியம்."

"கையேட்டுல தெருவிளக்கு வரைக்கும் நீங்களே முடிவு பண்ணியிருக்கீங்களே?"

சிரித்தார். பக்கத்தில் நின்ற கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் ஒருவர், "ஐயா நல்லா கேக்குறாரு" என்று சொல்லி மைக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா போடுகிற உத்தரவை மீறினால் பதவி போகலாம். ஆனால் ஓட்டுப் போடுவது மட்டுமா வேலை? கேள்வி நேரத்தில் கேள்வி கேட்கலாம், துறைகளுக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கையில் பேசலாம், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், கட்சிக் கூட்டத்தில் வாதாடலாம். மசோதா வருவதற்கு முன்பே தலைமை காதில் போட்டு வைக்கலாம். இதில் எதைச் செய்வேன் என்று எழுத எந்தக் கொறடாவும் குறுக்கே நிற்பதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். பத்தாம் பக்கம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளைப் பற்றியது. ஊருக்குள்ளிருந்து அகற்றி அங்கே கொண்டுபோய் விடப்பட்ட மக்களுக்கு விடியற்காலையில் வேலைக்குப் போக எந்தத் தடத்தில் கூடுதல் பேருந்து வேண்டும், எங்கே மேல்நிலைப் பள்ளி வேண்டும், கிரயப் பத்திரம் கொடுப்பதில் எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று இடம் சொல்லி எழுதியிருக்கிறார். மாநகரப் பேருந்தும் பள்ளியும் வீட்டு வாரியமும் மாநில அரசின் கையில் இருப்பவை, ஆகவே சரியான மேடைக்குச் சரியான கோரிக்கை. அந்தப் பக்கத்தை எழுதியவர் வேறு ஆளாக இருக்க வேண்டும், நடையே மாறுகிறது. மீதிப் பக்கங்களையும் அவரிடமே கொடுத்திருக்கலாம்.

சொத்து வரிப் பக்கமும் பரவாயில்லை. 2022இல் வரியை ஏற்றிய உத்தரவு மாநில அரசிடமிருந்துதான் வந்தது. 2011இல் சேர்ந்த எங்களைப் போன்ற பகுதிகளுக்கு, வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை. "மறுபரிசீலனை செய்ய வலியுறுத்துவேன்" என்கிறார். வலியுறுத்துவேன் என்பது தேர்தல் காலத்தில் மலிவான சொல், இருந்தாலும் குறைந்தபட்சம் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. மெட்ரோவைப் பற்றிக் கேட்காதீர்கள். மாதவரம்–சோழிங்கநல்லூர் தடத்தின் தூண்களுக்கு முன் நின்று போட்டோ எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கையேட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு தாள் இருக்கிறது, வேட்புமனுவோடு வேட்பாளர் கொடுக்கும் பிரமாணப் பத்திரமான படிவம் 26. அதற்கு வண்ணம் கிடையாது, முத்திரைத் தாளில் நோட்டரி முத்திரையோடு ஸ்கேன் பண்ணிப் போட்டிருப்பார்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும், வேட்பாளரை அறிய அது வைத்திருக்கும் கேஒய்சி செயலியிலும் பார்க்கலாம். 2002இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் நமக்குக் கிடைத்தது. நிலுவை வழக்கு, சொத்து, கடன், படிப்பு, 5 வருட வருமானக் கணக்கு, மனைவியின் பெயரில் உள்ளது எல்லாம் வரும். நம் வேட்பாளர் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் "எளிய விவசாயக் குடும்பம்". படிவத்தில் அசையாச் சொத்துப் பட்டியல் அடுத்த பக்கத்துக்கும் ஓடுகிறது. சொத்து இருப்பது குற்றமில்லை. அதில் சில மனைகள் எந்தக் கிராமத்தில் இருக்கின்றன என்று படித்துவிட்டு ஒன்பதாம் பக்கத்து மஞ்சள் கட்டத்துக்குத் திரும்பிப் போனால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. அவ்வளவு தூரம் நான் போகிறேன், அதற்கு மேல் உங்கள் பாடு. ஒரு குறை: சதுப்புக்கு ஆதரவா, நில ஒருங்கிணைப்புச் சட்டத்துக்கு எதிரா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. ஆளின் கணக்கு அதில் கிடைக்கும், கருத்து கிடைக்காது.

அச்சுக்கு 5க்கு 4, அந்த இரண்டு காலருக்காக ஒன்று போச்சு. உள்ளடக்கத்துக்கு 2, பத்தாம் பக்கத்துக்காக அரை சேர்த்து இரண்டரை. மற்ற வேட்பாளர்களின் நோட்டீஸும் வந்திருக்கிறது. பெரும்பாலும் ஒற்றைத் தாள், சின்னமும் படமும்தான். சதுப்பு நிலத்தைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. ஆகவே இவர் தனக்குத்தானே முரண்பட்டாவது பேசியிருக்கிறார் என்ற கணக்கில், இருக்கிறதில் இது மேல். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 5, 9, 10 பக்கங்களை மட்டும் படித்தால் போதும். ஜெயித்து வந்தால் முதல் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது பத்தாம் பக்கத்தை நகலெடுத்து அவர் அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.