படம் பார்க்க ஒரு 3.1 சவுண்ட்பார்: வாங்கலாமா?

பாட்டு கேட்கத்தான் சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர்) வேண்டும் என்பவர்களுக்கு இந்த விமர்சனம் அவ்வளவாக உதவாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது படம் பார்க்க, சோதித்துப் பார்த்ததும் படங்களை வைத்துத்தான். தனி சப்வூஃபரோடு (ஆழமான சத்தத்துக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி) வருகிற 3.1 பார், விலை 20,000 ரூபாய்க்குள். பிராண்ட் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இந்த விலையில் கடைகளில் நான் கேட்ட பார்கள் எல்லாமே கிட்டத்தட்ட இதே குணத்தோடு இருந்தன. நான் சொல்கிற நிறையும் குறையும் உங்கள் கண்ணில் படுகிற மாடலிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

3.1 என்றால் இடது, வலது, நடு என்று மூன்று சேனல் (தனித்தனி ஒலித்தடம்), அப்புறம் ஒரு சப்வூஃபர். இதில் காசு கொடுத்து வாங்க வேண்டியது அந்த நடு சேனலைத்தான். படங்களில் வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. தியேட்டர் திரையில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு அதற்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்திருப்பார்கள், அதனால்தான் குரல் நடிகரின் வாயிலிருந்தே வருகிற மாதிரி இருக்கிறது. வீட்டிலோ டிவி ஒல்லியாக ஒல்லியாக அதன் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ சுவரைப் பார்த்தோ திரும்பிவிட்டது, வசனம் எங்கேயோ முட்டி மோதிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. 2.1 பார் வாங்கினாலும் பேச்சும் இசையும் அதே இரண்டு ஸ்பீக்கரில்தான் கலந்து வரும், சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். இதில் நடு சேனலை மட்டும் தனியாக ஏற்ற முடிகிறது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். இரண்டு புள்ளி ஏற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், "இப்பதான்டா அவன் என்ன சொல்றான்னு புரியுது, கீழே ஓடுற அந்த எழுத்தை எடுத்துடு" என்றார். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

அடுத்தது பேஸ், அதாவது அடி ஆழத்துச் சத்தம். கடையில் போய் நின்றால் சப்வூஃபர் அதிர்கிற மாதிரி ஒரு குத்துப்பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள், நாமும் நெஞ்சு அதிர்ந்ததும் பில் போடச் சொல்லிவிடுவோம். படத்தில் பேஸ் செய்கிற வேலையே வேறு. கோயன் சகோதரர்களின் நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென் (2007) படத்தில் பெட்ரோல் பங்க் காட்சி ஒன்று வரும், கொலைகாரன் கடைக்காரரிடம் காசைச் சுண்டிப் போட்டு பூவா தலையா கேட்பான். படம் முழுக்க இசை இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிற அளவுக்குக் குறைவு. அந்தக் காட்சியில் அவன் கசக்கி மேஜையில் போட்ட தின்பண்ட உறை மெல்ல மெல்லப் பிரிந்து நொறுநொறுக்கிற சத்தம் வரைக்கும் கேட்கும். ஆனால் அங்கே இசை இருக்கிறது. இசையமைப்பாளர் கார்ட்டர் பர்வெல் ஒரு தாழ்ந்த ரீங்காரத்தை, ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தத்தின் சுருதிக்கே, அதாவது அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸுக்கே சேர்த்து, காட்சிக்குள் நைசாக ஏற்றியிருக்கிறார். நமக்கு அது கடையின் ஃப்ரிட்ஜ் என்றுதான் தோன்றும், வயிற்றில் மட்டும் ஏதோ பண்ணும். 60 ஹெர்ட்ஸ் என்பது டிவியின் குட்டி ஸ்பீக்கருக்கு எட்டாத ஆழம். டிவியில் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியில் பாதி போய்ச் சேர்ந்திருக்காது. இந்த சப்வூஃபரில் அந்த ரீங்காரம் வருகிறது. சத்தமாக இல்லை, அறையின் காற்றே கொஞ்சம் கனத்த மாதிரி இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இதே இடத்தில்தான் பெரிய குறையும் இருக்கிறது. படம் கொஞ்ச நேரம் அமைதியாகப் போனால் சப்வூஃபர் தூங்கப் போய்விடுகிறது. மறுபடி ஒரு கதவு அடித்துச் சாத்தப்படும்போதோ துப்பாக்கி வெடிக்கும்போதோ அது விழித்துக்கொள்வதற்குள் அந்தச் சத்தத்தின் முன்பாதி போய்விடுகிறது. பாட்டு கேட்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் த்ரில்லர் படம் மொத்தமுமே அமைதியையும் அது உடைகிற நொடியையும் நம்பித்தான் நிற்கிறது, அந்த நொடியில் கருவி கைவிட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? மெனுவில் இதை நிறுத்த வழியில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டேன், எல்லா பீஸும் அப்படித்தான் சார் என்கிறார்கள். வாங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் கேளுங்கள், முடிந்தால் கடையிலேயே கொஞ்ச நேரம் மியூட்டில் விட்டு, பிறகு சத்தமான காட்சியைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு ஏமாற்றம் சினிமா மோட். பெயர்தான் அப்படி, உண்மையில் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் எதிரொலி சேர்த்துவிடுகிறது. மிஷ்கினின் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் (2013) பாட்டே இல்லாத படம், இளையராஜாவின் பின்னணி இசை மட்டும்தான். அந்த வயலின்களை ஸ்டாண்டர்ட் மோடில் கேட்டால் தனித்தனி இழையாகத் தெரிகின்றன, உச்சத்தில் மட்டும் லேசாகக் கீச்சிடுகிறது. சினிமா மோடுக்கு மாற்றினால் எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடுகிறது. எல்லாச் சத்தமும் ஒரே சேனலில் வருகிற பழைய மோனோ படங்களுக்கு இந்த மோடைத் தொடவே வேண்டாம். பாலு மகேந்திராவின் வீடு (1988) படத்தில் இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் தொகுப்பிலிருந்து எடுத்த இசைதான், அதுவும் வருகிற இடங்கள் கம்மி, மீதி நேரமெல்லாம் பேச்சும் சுற்றுப்புறச் சத்தமும்தான். ஸ்டாண்டர்டில் அது நடுவிலிருந்து ஒழுங்காக வருகிறது, ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் படத்தை நிம்மதியாகப் பார்த்தேன்.

நைட் மோடைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது முணுமுணுப்பை உயர்த்தி, வெடிச்சத்தத்தை அமுக்கி, இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. அபார்ட்மென்டில் ராத்திரி 11 மணிக்கு மேல் படம் பார்க்க அது இல்லாமல் முடியாது. ஆனால் எ கொயட் பிளேஸ் (2018) மாதிரி படத்தை அதில் பார்க்காதீர்கள். அதில் காது கேளாத மகளின் பார்வைக்குக் காட்சி மாறும்போது சத்தம் அப்படியே அறுந்துபோகும். அந்த அறுப்பு உறைக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் இலைச் சலசலப்பு இலைச் சலசலப்பின் அளவிலேயே இருந்திருக்க வேண்டும். குரலைத் தூக்கிக் காட்டும் வாய்ஸ் மோடுக்கும் இதே பேச்சுதான், சீரியலுக்கும் செய்திக்கும் அருமை. இயக்குநர் நோலனோ இன்டர்ஸ்டெல்லரில் (2014) சில இடங்களில் வசனத்தை வேண்டுமென்றே இசைக்கும் இரைச்சலுக்கும் அடியில் அமுக்கியிருக்கிறார். வாய்ஸ் மோட் போட்டால் அந்தப் படத்தின் இசைக்காக லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் பதிவுசெய்த பைப் ஆர்கன் (பெரிய குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கிற வாத்தியம்) சப்பையாகிவிடும்.

பொருத்தும்போது ஆப்டிகல் கேபிளை விட்டுவிட்டு எச்டிஎம்ஐ ஏஆர்சி போர்ட்டிலேயே (டிவியின் சத்தத்தை பாருக்கு அனுப்புகிற எச்டிஎம்ஐ போர்ட்) இணையுங்கள். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் பிசிஎம் என்று இருந்தால் இரண்டு சேனல்தான் பாருக்குப் போகும், அதை பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ என்று மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் பொருத்த வந்தவர் சப்வூஃபரை மூலையில் தள்ளிவிட்டுப் போனார், மூலையில் வைத்தால் பேஸ் கும்மென்று ஊதிப்போகும். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்ததும் தெளிவானது. பெட்டியில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற மாதிரி செய்யும் டால்பி முறை) என்று அச்சடித்திருக்கிறது, ஆனால் மேல்நோக்கிய ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லை. அந்த ஸ்டிக்கருக்காக 3,000 ரூபாய் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அந்தத் தூக்க வியாதி மட்டும் இல்லையென்றால் நாலரை கொடுத்திருப்பேன். கடைக்குப் போகும்போது பென்டிரைவில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த படத்தின் மழைக் காட்சி ஒன்றை எடுத்துப் போங்கள், மழையில் நின்று இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்கிற காட்சியாக இருந்தால் நல்லது. மழையும் கேட்டு, பேச்சும் புரிந்தால் தாராளமாக வாங்கலாம்.