மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய்: தோண்டுவதா, இறைப்பதா, காற்று ஊதுவதா, விட்டுவிடுவதா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. படகிலும் வலையிலும் கறுப்பாக ஒட்டியிருந்ததை மறைக்க வழியில்லை. மண்ணுக்குள் இறங்கும் எண்ணெய் அப்படியல்ல. 2013-இல் தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரோடு எண்ணெய் வந்தபோதுதான் தரைக்கடியில் ஏதோ கசிகிறது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின்நிலையத்திலிருந்து இறங்கிய எண்ணெயையும் கிணறுதான் காட்டிக்கொடுத்தது.

இப்படிக் கெட்டுப்போன நிலத்தை மீட்க நான்கு வழிகள் பேசப்படுகின்றன: மண்ணைத் தோண்டி அள்ளுவது, நீரை இறைத்துச் சுத்திகரிப்பது, மண்ணுக்குள் காற்று ஊதி நுண்ணுயிர்களை வேலை வாங்குவது, கண்காணித்துக்கொண்டு இயற்கையிடம் விட்டுவிடுவது. இவற்றில் எது சிறந்தது என்று கேட்பதே தப்பு என்பது என் கருத்து. நான்கும் ஒரே எண்ணெயைத் துரத்துவதில்லை.

மண்ணுக்குள் இறங்கியதும் எண்ணெய் மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு நீர்மட்டத்தின்மேல் மிதக்கும். ஒரு பங்கு மண்துகள்களுக்கு இடையே ஒட்டிக்கொள்ளும். மழையில் நீர்மட்டம் ஏறி, கோடையில் இறங்கும்போதெல்லாம் மிதக்கும் எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி, போகிற வழியெல்லாம் மண்ணில் பூசிவிடும். மூன்றாவது பங்கு நீரில் கரையும். அளவில் இது மிகச் சிறியது, ஆனால் ஊரைப் பயமுறுத்த வேண்டியது இதுதான். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் இதில்தான் பயணம் செய்கிறது. ஒரு லிட்டர் பென்சீன் ஏறத்தாழ 880 கிராம். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் அந்த ஒரு லிட்டர் 17 கோடி லிட்டருக்கும் மேலான தண்ணீரை வரம்புக்குக் கொண்டுபோய்விடும்.

தோண்டுவதில்தான் மக்களுக்கு நம்பிக்கை அதிகம். லாரி வருகிறது, கறுத்த மண் போகிறது, வேலை நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆழமில்லாத பழைய கசடுக் குழிகளுக்கு இதைவிட விரைவான வழி கிடையாது. ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் குழி நிரம்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் தொட்டிகளுக்கு அடியில் யாரும் தோண்ட முடியாது. அந்த லாரி மண்ணை எங்கே கொட்டுகிறது என்பது இன்னொரு கேள்வி. அதே வளாகத்தில் கசியாத தளத்தின்மேல் மண்ணைப் பரப்பி, உரமும் ஈரமும் கொடுத்து, அவ்வப்போது கிளறிவிட்டு நுண்ணுயிர்களைத் தின்ன விடுவது நேர்மையான வேலை. வேறொரு ஊரின் எல்லையில் கொட்டுவது சுத்தம் செய்வதாகாது.

இறைத்துச் சுத்திகரிப்பதைப் பற்றி அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இந்த முறை நடந்த 77 இடங்களைப் பார்த்ததில் 69 இடங்கள் அதுவரை இலக்கை எட்டியிருக்கவில்லை. காரணம் எளிது. எண்ணெய்ச் சட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றி அலசிப் பாருங்கள். முதல் இரண்டு தடவையில் நிறைய எண்ணெய் போகும், அதன்பிறகு எத்தனை தடவை அலசினாலும் பிசுபிசுப்பு விடாது. மண்ணில் ஒட்டிய எண்ணெயும் அப்படித்தான், தன்னைத் தொட்டுப்போகும் புதுத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் சில மாதங்களில் பென்சீன் அளவு மறுபடி ஏறும்.

அதற்காக பம்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நிலத்தைச் சுத்தமாக்கும் கருவியாக அது தோற்கிறது, நஞ்சு பக்கத்து நிலத்துக்குப் போகாமல் தடுக்கும் வேலியாக ஜெயிக்கிறது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு செய்த வேலைக்கு நான் காட்ட விரும்பும் இடம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள காஸ்பர்.

நார்த் பிளாட் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஓடிய சுத்திகரிப்பு ஆலை அது. 1991-இல் மூடப்பட்டது. அடியில் இருந்த எண்ணெய் ஆற்றுக்குப் போகாமலிருக்கக் கரையோரமாக எஃகுத் தகடுகளை மண்ணில் அறைந்து தடுப்புச் சுவர் கட்டினார்கள். தடுத்தால் மட்டும் போதாது, உள்ளே சேரும் நீரை இறைத்தாக வேண்டும். இறைத்த நீரை என்ன செய்வது என்பதில்தான் போட்டி. வழக்கமான முறையில், உயரமான கோபுரத்தில் நீரைக் கொட்டி எதிர்க்காற்று செலுத்திப் பென்சீனைப் பிரித்து, அந்த ஆவியை எரிப்பார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இப்படிப்பட்ட நிலத்தடி நீரில் இரும்பு மிகுந்திருக்கும், காற்றுப் பட்டதும் துருவாகிக் கோபுரத்தை அடைக்கும். மின்சாரமும் ஆளும் பல பத்தாண்டுகளுக்கு வேண்டும்.

காஸ்பரில் செடி வளர்த்த செயற்கை ஈரநிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நீரைப் படிப்படியாக விழவைத்து இரும்பை முதலில் படியவிடுகிறார்கள். பிறகு நீர் சரளைக்கல் படுகைக்குள் தரைக்கடியிலேயே ஓடுகிறது. படுகையின் அடியில் குழாய் போட்டுக் காற்று ஊதுகிறார்கள். கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்றுவிடுகின்றன. குளிர்காலத்தில் எல்லாம் உறைந்துபோகும் ஊர் என்பதால் மேலே மட்கும் மூடாக்குப் போட்டுக் கம்பளி போர்த்தியதுபோல் காக்கிறார்கள். நாளொன்றுக்கு 60 லட்சம் லிட்டர் வரை சுத்திகரிக்கும் இந்த அமைப்பு 2003-இல் ஓடத் தொடங்கியது. பழைய ஆலை நிலத்தில் இன்று கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பல பத்தாண்டுகள் ஓட வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற மலிவான, பழுதாகாத கருவியைத் தேடியதுதான் எனக்குப் பிடித்தது. இடம் நிறைய வேண்டும் என்பது இதன் குறை. நெருக்கமான நகரத்தில் கோபுரத்தைத் தவிர வழியில்லாமல் போகலாம்.

காற்று ஊதும் முறைக்கு வருவோம். ஒரு கிலோ எண்ணெயை நுண்ணுயிர்கள் முழுதாகத் தின்று தீர்க்க 3 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். நல்ல தண்ணீரில்கூட லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தாலே அதிகம். அப்படியானால் அந்த ஒரு கிலோவுக்கு 3 லட்சம் லிட்டர் தண்ணீரை மண்ணுக்குள் செலுத்த வேண்டும். காற்றாகக் கொடுத்தால் 11 அல்லது 12 கனமீட்டர் போதும். நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிய டீசல், மண்ணெண்ணெய் வகைகளுக்கு மெதுவாகக் காற்று ஊதுவதைவிடச் செலவுக்கேற்ற வழியை நான் பார்க்கவில்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: களிமண்ணில் காற்று போகாது, பெட்ரோல் கசிந்த இடத்தில் வீடுகள் பக்கத்தில் இருந்தால் ஊதக் கூடாது, ஆவி வீட்டுக்குள் ஏறிவிடும். அங்கே உறிஞ்சத்தான் வேண்டும்.

இயற்கையிடம் விடுவதை "ஒன்றும் செய்யாமல் தப்பிப்பது" என்று திட்டுபவர்கள் உண்டு. மின்னசோட்டாவின் பெமிட்ஜி அருகே 1979 ஆகஸ்டில் குழாய் வெடித்துக் கொட்டிய 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெயின் கதை வேறு சொல்கிறது. பெரும்பகுதியை அப்போதே அள்ளிவிட்டாலும், ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணில் தங்கியது. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை 1983 முதல் அங்கே அளந்துகொண்டிருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் நுண்ணுயிர்கள் ஓயவில்லை, மண்ணிலிருக்கும் இரும்புத் துருவைப் பயன்படுத்தி பென்சீனைத் தின்கின்றன. நஞ்சு பரவும் தூரம் நிலத்தடி நீர் நகரும் வேகத்தைப் பார்த்துப் பயந்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

இருந்தும் இதைச் சுன்னாகத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பெமிட்ஜியில் சீரான மணல், சுற்றிலும் காடு. யாழ்ப்பாணத்தில் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல், அதன் நீரைத்தான் வீடுகளும் தோட்டங்களும் நம்பியிருக்கின்றன. அந்தப் பாறைக்குள் எண்ணெய் எந்தப் பிளவு வழியாகப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஊதுகிற காற்றும் அப்படியே. 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நியாயமான தீர்ப்பு. அங்கே முதல் வேலை மாற்றுக் குடிநீர். அடுத்தது மிதக்கும் எண்ணெய் இருந்தால் அதை எடுப்பது. மீதி எல்லாம் பிறகு.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கண்காணிப்புக் கிணறுகளில் எண்ணெயையும் பென்சீனையும் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தக் கூடாது. பெமிட்ஜியில் நுண்ணுயிர்கள் இரும்பைக் கரைத்தபோது அதோடு ஒட்டியிருந்த மண்ணின் ஆர்செனிக்கும் நீரில் இறங்கியது. லிட்டருக்கு 230 மைக்ரோகிராம் வரை போனது. குடிநீர் வரம்பு 10.