ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி வேறு கார்டு அனுப்புகிறார்கள், வாங்கும் முன் படித்துவிடுங்கள்

கையில் இருக்கும் கொஞ்சப் பணத்துக்குள் கேம் விளையாட கிராபிக்ஸ் கார்டு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து விற்பது), வாரண்டி உண்டு" என்று விளம்பரம் போட்டிருந்த ஓர் ஆன்லைன் விற்பனையாளர், பணத்தை வாங்கிக்கொண்டு வேறு கார்டை அனுப்பி என்னை ஏமாற்றிவிட்டார். அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கார்டு என் தம்பிக்கு. 1080பி திரைத் தெளிவில் விளையாடினால் போதும், புதுக் கார்டு வாங்க வசதி இல்லை. பழைய 580 அதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் அந்தப் பெயரில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஏஎம்டி நிறுவனம் 2017 ஏப்ரலில் வெளியிட்ட ஆர்எக்ஸ் 580-இல் 2304 ஷேடர்கள், அதாவது படத்தை வரையும் சின்னச் சின்னக் கணக்கீட்டு அலகுகள். அடுத்த ஆண்டு சீனச் சந்தைக்கென்று "ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி" என்று ஒன்றை இறக்கினார்கள். அதில் இருப்பது 2048 ஷேடர்கள், அதாவது ஆர்எக்ஸ் 570-இல் உள்ள அதே எண்ணிக்கை. 570 ஒன்றும் மோசமான கார்டு இல்லை. 580-க்கான விலையை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பதுதான் மோசடி. மறுவிற்பனைக்கு வரும்போது அந்த "2048எஸ்பி" மட்டும் விளம்பரத்திலிருந்து காணாமல் போய்விடும்.

இது தெரிந்ததால் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டேன்: "2304 ஷேடர் உள்ளதுதானே? 2048எஸ்பி இல்லையே?" பதில் உடனே வந்தது: "ஒரிஜினல் 580 சார், 2304தான். நம்பி வாங்குங்க."

கார்டு வந்தது. பெட்டியைப் பிரிப்பதை முழுவதும் வீடியோ எடுத்தேன். பின்பக்கம் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு திருகுகளின் தலையும் தேய்ந்திருந்தன. கூலருக்கும் மெமரி சில்லுகளுக்கும் இடையில் வைக்கும் தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டின் ஓரத்தில் பிசுபிசுத்தது. நீண்ட நாள் சூட்டில் ஓடிய கார்டில் இது சகஜம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ரீஃபர்பிஷ்டு என்று சொல்லித்தானே விற்றார்கள்.

மாட்டி, ஏஎம்டியின் டிரைவரைப் போட்டதும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கார்டு வேலை செய்யவில்லை என்று சொல்லும் "கோட் 43" பிழை. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் அதேதான். விற்றவரிடம் கேட்டால், "ஒரு சின்ன பேட்ச் ஃபைல் அனுப்பறேன் சார், அதை ஓட்டிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார். எனக்கு அங்கேயே விஷயம் விளங்கிவிட்டது. இந்தத் தலைமுறை ஏஎம்டி கார்டுகளின் பயாஸை (கார்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) யாராவது மாற்றி எழுதியிருந்தால், விண்டோஸ் டிரைவர் அதை ஏற்காமல் இப்படித்தான் அடம்பிடிக்கும். அந்த பேட்ச், டிரைவரின் சரிபார்ப்பையே முடக்கிவிடும். பயாஸை ஏன் மாற்றுகிறார்கள்? மைனிங்குக்காக, அதாவது கார்டைக் கணக்குப் போட வைத்து கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பதற்காக. மெமரி டைமிங்கை இறுக்கி (மெமரியைச் சீக்கிரம் பதில் சொல்ல வைத்து), சிப்பின் வேகத்தைக் குறைத்து இரவும் பகலும் ஓட்டுவார்கள். 8 ஜிபி 580-கள் இதில் நிறையவே அடிபட்டிருக்கின்றன. எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங்குக்கு 4 ஜிபி கார்டுகள் 2020 கடைசியிலேயே போதாமல் போய்விட்டன, 8 ஜிபி கார்டுகள் 2022 செப்டம்பரில் அந்த மைனிங் நின்றுபோகும் வரை ஓடின. அதன்பிறகு சந்தையில் வந்து குவிந்தவைதான் இவை.

யாரோ அனுப்பும் பேட்சை என் கம்ப்யூட்டரில் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். நீங்களும் ஓட்டாதீர்கள். அப்புறம் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். "ஷேடர்ஸ்" என்ற கட்டத்தில் 2048 என்று பளிச்சென்று நின்றது.

ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பியதும் அவர் பேச்சே மாறியது. "580-ன்னுதானே போட்டிருக்கோம், 580தானே வந்திருக்கு?" என்றார். அவரே எழுதிய "2304தான்" என்ற செய்தியைக் காட்டியதும், "கார்டை நீங்க மாத்தியிருக்கலாமே" என்று ஒரு பழியையும் போட்டார். பில்லில் சீரியல் நம்பர் போடாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. நல்லவேளையாக, பெட்டியைப் பிரித்த வீடியோவில் சீரியல் ஸ்டிக்கர் தெளிவாக விழுந்திருந்தது. அதையும் அவருடைய செய்தியையும் வைத்து, பணம் கட்டிய வங்கிக் கார்டு வழியாகப் புகார் கொடுத்த பிறகுதான் இறங்கி வந்தார். அப்போதும் "சோதனைக் கட்டணம்" என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்திருக்கிறார். அவர் பொய் சொல்லி விற்றதைச் சோதித்ததற்கு நான் ஏன் கட்டணம் கட்ட வேண்டும்? அந்தத் தொகைக்கான புகாரை நான் விடுவதாக இல்லை.

பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் மற்ற கார்டுகளிலும் இதே ஆபத்து உண்டு. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபியும் 6 ஜிபியும் மெமரியில் மட்டும் வேறுபடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். முதலாவதில் கோர்கள் (ஷேடர்களை என்விடியா இப்படிச் சொல்கிறது) 1152, இரண்டாவதில் 1280. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி கார்டில் மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதை) 192 பிட், பிறகு வந்த 8 ஜிபி கார்டில் 128 பிட். கோர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் பல கேம்களில் இரண்டாவது பின்தங்குவது இதனால்தான். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி கார்டுக்கு 2560 கோர், 2024-இல் வந்த 6 ஜிபி கார்டுக்கு 2304 கோர், பஸ்ஸும் 96 பிட்தான். பழைய பவர் சப்ளையில் தனி பவர் கேபிள் இல்லாமல் ஓட வேண்டும் என்பவருக்கு அந்த 6 ஜிபி உதவும், மற்றவர்கள் அதை 8 ஜிபி கார்டின் விலைக்கு வாங்கக் கூடாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பாதைகள்) நான்கே நான்கு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டும் உள்ள பழைய மதர்போர்டில் அதன் வேகம் நன்றாகவே அடிவாங்கும், விற்பவர் யாரும் இதைச் சொல்வதில்லை.

இதைவிடக் கொடுமை, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் பல தலைமுறைக்கு முந்தைய, ஃபெர்மி எனப்படும் என்விடியா சிப்பை விற்பது. பயாஸில் பெயரை மாற்றிவிட்டால் விண்டோஸ் அந்தப் பெயரையே காட்டும். அதில் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைச் சிப்புகளில் விஜிஏ-வுக்குத் தேவையான அனலாக் வெளியீடே கிடையாது. ஜிபியூ-இசட் பெரும்பாலும் இவற்றைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்று போட்டுவிடும்.

ரிட்டர்ன் காலத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள், ஏதாவது ஒரு கேம் ஓடுகிறது என்று திருப்திப்பட்டுவிட வேண்டாம். மெமரி பழுது சில கார்டுகளில் சூடேறிய பிறகுதான் தெரியும். முழு லோடில் அரை மணி நேரமாவது ஓட்டி, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா என்று பாருங்கள். ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் விராம் (கார்டின் மெமரி) சோதனையும் இருக்கிறது.

விற்பவருக்கு நான் இப்போது அனுப்பும் செய்தி இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "கார்டின் ஷேடர் எண்ணிக்கை, மெமரி அளவு, பஸ் அகலம் மூன்றும் தெரியும் ஜிபியூ-இசட் ஸ்க்ரீன்ஷாட், இன்றைய தேதி எழுதிய தாளோடு சீரியல் ஸ்டிக்கரின் போட்டோ, இரண்டும் வேண்டும். பில்லில் சீரியல் நம்பர் போட்டுத் தர வேண்டும். பயாஸ் மாற்றப்பட்டதா?" இதற்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.