பழைய ரெகுலேட்டரைக் கொடுத்து அனுப்பாதீர்கள்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கேஸ் கிரில் ரிப்பேர் என்று வந்தவனிடம் 5,350 ரூபாய் போனதுகூடப் போகட்டும். நல்ல கேஸ் ரெகுலேட்டரை என் கையாலேயே எடுத்துக் கொடுத்து, "பார்த்துப் போங்க" என்று வழியனுப்பியும் வைத்தேன் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தங்கச்சி வீட்டுக்காரர் மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது இரண்டு பர்னர் கேஸ் பார்பிக்யூ கிரில் ஒன்றைக் கார்கோவில் போட்டுவிட்டார். வந்த புதிதில் மொட்டை மாடியில் வைத்து இரண்டு மூன்று தடவை கோழி சுட்டோம். அதோடு வந்த ரெகுலேட்டர் நம்மூர் சிலிண்டருக்குச் சேரவில்லை. அதனால் சமையலறை ரெகுலேட்டரைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் ஸ்பேர் சிலிண்டரில் மாட்டிக்கொள்வோம். கிரில்லின் முதுகில் ஒட்டியிருந்த லேபிளில் 30 மில்லிபார் என்று இருந்தது. நம் வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தமும் கிட்டத்தட்ட அதேதான் என்பதால் ஒரு தொந்தரவும் இல்லாமல் எரிந்தது. அப்புறம் மழை வந்தது, தார்ப்பாயைப் போட்டு மூடியதோடு சரி. ஏழெட்டு மாதம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று கிலோ லெக் பீஸ் தயிரிலும் மிளகாய்த் தூளிலும் ஊறிக்கொண்டிருக்கிறது. கிரில்லைத் திறந்து, குமிழைத் திருப்பி, பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. கேஸ் வாசனை வருகிறது, தீ வரவில்லை. வத்திக்குச்சி வைத்தால் வலது பர்னரில் நீலமாக ஒரு சுடர் எழும்பி, இரண்டு நிமிடம் இழுத்துக்கொண்டு கிடந்துவிட்டு அணைந்துபோகும். இடது பர்னரில் அதுவும் இல்லை. அன்றைக்குக் கோழி தோசைக்கல்லில்தான் வெந்தது.

மறுநாள் மொபைலில் 'கேஸ் ஸ்டவ் கிரில் சர்வீஸ் வேலூர்' என்று தேடினேன். எல்லாவற்றுக்கும் மேலே விளம்பரமாக ஒரு நம்பர். கூப்பிட்டால் ஒரு பெண் எடுத்து, "எந்த கம்பெனியா இருந்தாலும் நாங்கதான் சார் ஆதரைஸ்டு" என்றார். எல்லா கம்பெனிக்கும் ஒரே ஆள் எப்படி ஆதரைஸ்டு ஆக முடியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கிரில்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், நாலைந்து எடுத்து அனுப்பினேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

சாயங்காலம் ஒரு பையன் வந்தான். காலர் வைத்த டி-ஷர்ட், கழுத்தில் ஐடி கார்டு, பேச்சில் அவ்வளவு மரியாதை. ஐந்து நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, "ரெகுலேட்டர் அவுட் சார். இக்னிஷன் கிட்டும் போயிருச்சு. இத்தனை நாள் வெடிக்காம இருந்ததே பெருசு" என்றான். வெடிக்கும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி ஏழு மாதம். அதற்கப்புறம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, எவ்வளவு ஆகும் என்பதைத் தவிர.

ரெகுலேட்டர் 1,850. இக்னிஷன் கிட் 2,200. சர்வீஸ் 900. வந்ததற்கு 400. என்னைக் கீழே போய் ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து வரச் சொன்னான். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. நீளமான லைட்டரை வைத்து வலது பர்னரை மட்டும் பற்றவைத்துக் காட்டினான். குபுகுபுவென்று எரிந்தது. ஜிபேயில் பணம் அனுப்பினேன். "பழசு டேஞ்சர் சார், ஸ்க்ராப்ல போட்டுடறேன்" என்று எங்கள் ரெகுலேட்டரைப் பையில் போட்டுக்கொண்டான். பில் என்று ஒரு துண்டுத்தாள். முகவரி இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கடைப் பெயருக்குப் பதிலாக 'சர்வீஸ் சென்டர்' என்று மட்டும்.

அவன் போட்டது என்ன தெரியுமா? ஓட்டல் அடுப்புக்கும் கல்யாண சமையலுக்கும் மாட்டுவார்களே, திருகு வைத்த ஹை பிரஷர் ரெகுலேட்டர். எனக்கு அது அப்போது தெரியாது. புதுசாகப் பளபளவென்று இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் மச்சான் உற்சாகமாக வலது பர்னரைப் பற்றவைத்துவிட்டு இடது குமிழையும் திருப்பினார். 'புஸ்' என்று குமிழுக்குக் கீழே, பெட்டிக்கு வெளியே தீ. கை ரோமம் கருகிய வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. நல்லவேளை, சிலிண்டரை மூட அவருக்குக் கை போனது. சில நொடிதான்.

லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் ரொம்ப வருஷமாக ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார். போர்டு கிடையாது, இணையத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். மறுநாள் காலை அவரைக் கையோடு கூட்டி வந்தேன். சிலிண்டரைப் பார்த்ததுமே, "இன்னா தம்பி, ஓட்டல் அடுப்பு ரெகுலேட்டரை இதுல மாட்டி வெச்சிருக்க?" என்றார். அதைக் கழற்றி ஓரமாக வைத்த பிறகுதான் கிரில்லையே தொட்டார்.

பர்னர்களை வெளியே எடுத்துத் தரையில் தட்டினார். வலது குழாயிலிருந்து பஞ்சு மாதிரி நூலாம்படை வந்தது. இடது குழாயைத் தட்டத் தட்ட மண் உதிர்ந்தது. கம்பியை விட்டுக் குடைந்ததும் விரல் நீளத்துக்கு ஒரு மண் உருளை வந்து விழுந்து உடைந்தது. உள்ளே அடுக்கி வைத்தாற்போல் காய்ந்துபோன சின்னச் சின்னச் சிலந்திகள். குளவி தன் குஞ்சுக்குச் சேர்த்து வைத்த சாப்பாடு! அம்மாவைப் பார்த்தேன், அவர் வேறு பக்கம் பார்த்தார். வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை வரும் என்று, இந்த வருஷம் ஒரு கூட்டையும் கலைக்க விடவில்லை அவர். அது இங்கேயும் வந்து கட்டியிருக்கிறது.

பாய் விளக்கியது இதுதான். கேஸ் ஒரு ஊசித் துளை வழியாகக் குழாய்க்குள் பீய்ச்சும், குழாய் வாயில் காற்று அதோடு கலக்கும். குழாய் அடைத்திருந்தால் கேஸ் முன்னே போக வழியில்லாமல் காற்று வரும் வாய் வழியாகவே வெளியே கொட்டும். பக்கத்துப் பர்னரில் தீ இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். அதன் தலையில் ஹை பிரஷர் வேறு. வலது பர்னர் அந்தப் பையன் முன்னால் எரிந்ததும் அழுத்தம் நூலாம்படையைத் தள்ளிக்கொண்டு போனதால்தான்.

இக்னிஷன் கிட் கதையையும் கேளுங்கள். பட்டன் மூடியைத் திருகினால் உள்ளே ஒரு பென்சில் பேட்டரி. புதுசு. மாற்றியது அது ஒன்றுதான். பொறி விடுகிற வெள்ளைப் பீங்கான் குச்சியில் ஒரு விரிசல் இருந்தது, ஓரத்தில் துருக் கறையோடு. நான் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே விரிசல், அதே கறை. 2,200 ரூபாய்க்கு ஒரு பேட்டரி வாங்கிய ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விரிசல் வழியாகப் பொறி பாதியிலேயே தாவிவிடுவதால் பட்டன் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. லைட்டர் வைத்துத்தான் பற்றவைக்கிறோம்.

கடைசியாக விம் கரைத்த தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். டியூப் கிரில்லோடு சேருமிடத்தில் குமிழி குமிழியாக வந்தது. பையன் கிளிப்பை முறுக்காமலே போயிருக்கிறான். எல்லாம் சேர்த்து பாய் வாங்கியது 250 ரூபாய், ஒரு டீ.

ரெகுலேட்டர் விஷயம் தனித் தலைவலி. வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். பையன் வந்துபோன மறுநாள் காலை அம்மா காபி போட அடுப்பைத் திருப்பியபோதுதான் அடுப்புக்கு ரெகுலேட்டரே இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. அது நம் சொத்தும் இல்லை. டெபாசிட் கட்டி ஏஜென்சி தருவது. பழுதாக இருந்தால் அங்கேயே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம், வெளி ஆள் யாரும் அதை ஸ்க்ராப்பில் போட வேண்டிய வேலையே இல்லை. ஏஜென்சியில் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, புதுசு வாங்கும்வரை இண்டக்‌ஷன் அடுப்பில் ஓட்டினோம்.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் முதல் தடவை "அது வேற பிராஞ்ச் சார்" என்றார்கள். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. மனைவி மொபைலிலிருந்து கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்து, "எந்த கம்பெனி ஸ்டவ் மேடம்?" 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். துண்டு பில், ஜிபே ரசீது, முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. பணம் வந்தால் சொல்கிறேன்.

யாரையாவது கூப்பிடுவதற்கு முன் நீங்களே பேட்டரியைப் பாருங்கள், சிலிண்டரை மூடிவிட்டுப் பர்னர் குழாயைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். பற்றவைக்கும்போது கிரில் மூடி திறந்தே இருக்கட்டும். பற்றவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், தேங்கிய கேஸ் போகட்டும். குமிழை மூடிய பிறகும் வாசனை வந்தால் எந்த சர்வீஸையும் தேட வேண்டாம், 1906க்கு அடியுங்கள், கேஸ் கசிவுக்கென்றே இருக்கிற எண் அது.

நேற்று இரவு மறுபடி தேடிப் பார்த்தேன். அந்த நம்பர் இன்னும் மேலேதான் இருக்கிறது. இப்போது ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்த்திருக்கிறார்கள்.