அநுராதபுரமா, பொலன்னறுவையா?

இலங்கையின் இரண்டு பழைய தலைநகரங்களில், யாழ்ப்பாணத்திலிருந்து போகிற எங்களுக்கு அநுராதபுரம் வழியிலேயே இருக்கிறது. கொழும்பு ரயில் அங்கே நின்றுதான் போகும். பொலன்னறுவைக்கு அதற்கென்றே புறப்படவேண்டும். இருந்தும், போன மாதம் கையில் ஒரு நாள் கிடைத்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு பொலன்னறுவைக்குத்தான் போனேன்.

பழமையில் போட்டியே இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகர், அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த போதிமரக் கிளை, ஒருகாலத்தில் சுமார் 122 மீற்றர் உயர்ந்து நின்ற ஜேதவனாராமய தூபி: எல்லாம் அநுராதபுரத்துக்கே.

என் கணக்கு கால்களைப் பற்றியது. அநுராதபுரத்தில் அந்தப் போதிமரமான ஸ்ரீ மகா போதி ஒரு பக்கம், அபயகிரி விகாரை கிலோமீற்றர்கள் தள்ளி இன்னொரு பக்கம். முன்பு போனபோது ஓட்டோவில் ஏறி இறங்கியே அரைநாள் கரைந்தது. ருவன்வெலிசாய தூபி முற்றத்தில் செருப்பைக் கழற்றிய அம்மா, மத்தியானக் கல்லின் சூட்டில் நிழலை விட்டு அசையவில்லை. பொலன்னறுவையிலோ அரண்மனை, வட்டதாகே என்ற வட்டத் தூபிமனை, ரன்கொத் வெஹெர தூபி, லங்காதிலக சிலைமனை, கல் விகாரை எல்லாம் தெற்கு வடக்காக ஒரே பாதையில் கோத்ததுபோல் வருகின்றன. பாதையெல்லாம் மரநிழல். நான் வாடகைச் சைக்கிளில், அம்மா ஓட்டோவில். செருப்பு இங்கேயும் கழற்றத்தான் வேண்டும். ஒரு சோடி காலுறை கொண்டுபோனால் தப்பலாம்.

கிட்டக் கிட்ட இருப்பதால் நின்று பார்க்க முடிகிறது. வாசற்படியடியில் பதிக்கும் அரைவட்டச் செதுக்குக்கல்தான் சந்திரவட்டக்கல். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கத்தோடு வரிசையில் போகும் எருது, வட்டதாகே வாசலில் இல்லை. நந்தியை மிதிக்கக்கூடாதென்று எடுத்துவிட்டார்கள் என்பது பலர் சொல்லும் காரணம். அதற்கு முன் பொலன்னறுவை, சோழர் ஆண்ட சனநாதமங்கலம். இராசேந்திரனின் தாய் பெயரிலான வானவன் மாதேவி ஈச்சரம் என்ற சிவன் கோயில் இன்றும் கல்லாய் நிற்கிறது. புத்தரின் தந்தத்தாதுக் கோயிலைக் காப்போம் என்று அரசரிடம் கூலிக்கு நின்ற வேளைக்காரப் படையினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டை அம்மா எழுத்துக்கூட்டிப் பார்த்தா. பிடிபட்டது நாலைந்து எழுத்து. கல் விகாரையில் சுமார் 14 மீற்றர் நீளத்தில் சாய்ந்திருக்கும் புத்தரின் தலையணைக் கல்லில், தலை அழுந்திய பள்ளம்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே அரை மணி இருந்தோம்.

கும்பிடப் போகிறவருக்கு என் கணக்கு பொருந்தாது. பொலன்னறுவை பெரும்பாலும் பார்க்கிற இடம்; அநுராதபுரத்தில் வெள்ளை உடுத்து, பூத்தட்டோடு சனம் வந்தபடியே இருக்கும். பௌத்தம் இலங்கைக்கு வந்ததைக் கொண்டாடும் பொசன் போயா (பௌர்ணமி) நாளில் நான் அங்கே போனதில்லை, பக்கத்து மிஹிந்தலை மலை ஏறியதும் இல்லை.

திரும்பும்போது அம்மா சொன்னா: "அடுத்தமுறை அநுராதபுரத்துக்கே போவம். ஆனா வெயில் ஏறமுன்னம்."